விருந்தாளி சொல்லவேண்டிய கதை

"உங்களுக்கு எந்த ஊர்?" என்று கேட்டால் நம் மன்றத்தில் ஒவ்வொருவரிடமும் ஒரு விடை ஆயத்தமாக இருக்கிறது. மதுரைக்காரர் மீனாட்சியம்மன் கோயிலைச் சொல்லுவார். தஞ்சைக்காரர் பெரிய கோயிலைச் சொல்லுவார். யாழ்ப்பாணத்து நண்பர் பனைமரத்தைச் சொல்லுவார். நான் "தடா" என்றால், "அது ஒரு சட்டத்தின் பெயர் அல்லவா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். சட்டம் 1995-ஆம் ஆண்டிலேயே காலாவதியாகிவிட்டது. ஊர் இன்னும் இருக்கிறது.

சென்னையிலிருந்து வடக்கே நெல்லூர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டியதும் வருவது தடா. 2022 வரை நெல்லூர் மாவட்டத்தில் இருந்தது; இப்போது திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. கிழக்கே பழவேற்காட்டு ஏரி. குளிர்காலத்தில் அங்குப் பூநாரைகள் வந்து இறங்கும். ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டா. அங்கிருந்து ராக்கெட் கிளம்பினால் எங்கள் வீட்டு மாடியிலிருந்தே பார்க்கலாம். வீட்டில் பேசுவது தமிழ். பள்ளியில் படித்தது தெலுங்கு. தமிழ்நாட்டு உறவினர் எங்களைத் "தெலுங்குக்காரர்" என்பார்கள். உள்ளூர்க்காரரோ "அரவவாள்ளு", அதாவது தமிழர், என்பார்கள்.

சென்ற டிசம்பர் விடுமுறையில், அயர்லாந்தின் தென்மேற்கு மூலையிலுள்ள கெரி மாவட்டத்து வீடு ஒன்றில், கணப்பின் அருகே உட்கார்ந்து இந்த விவரங்களையெல்லாம் வரிசையாக ஒப்பித்தேன். என் நண்பனின் தந்தையார் பொறுமையாகக் கேட்டார். நான் முடித்ததும், "நல்லது தம்பி! முகவரியைச் சொல்லிவிட்டாய். இனிக் கதையைச் சொல்" என்றார்.

எனக்கு நா எழவில்லை. வயது இருபத்துமூன்று, கையில் ஒரு பட்டம், வாயில் மூன்று மொழிகள், சொல்வதற்கு ஒரு கதை இல்லை!

அன்று ஏற்பட்ட வெட்கத்தின் விளைவே இக்கட்டுரை. அயர்லாந்து மக்கள் கதையை எவ்வாறு போற்றினார்கள், எவ்வாறு இழக்க இருந்தார்கள், எவ்வாறு காத்துக்கொண்டார்கள் என்பதையும், அதில் நமக்கு என்ன வேலை என்பதையும் சொல்ல முயல்கிறேன்.

தோண்டப்படாத பாத்திகள்

அந்த நண்பனும் நானும் தாவர நோயியல் படிப்பவர்கள். ஆறு மாதமாக ஆய்வுக்கூடத்தில் ஒரே மேசையில் வேலை செய்தோம். அவன் தேநீரில் பால் மிகுதியாக ஊற்றிக்கொள்வான் என்பதும், எனக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது என்பதும் தவிர, ஒருவரைப் பற்றி ஒருவர் அறிந்தது மிகக் குறைவு. வீட்டுக்கு வா என்று அவன் அழைத்தபோது, மரியாதைக்கு அழைக்கிறான் என்றே எண்ணினேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்த அன்று பொழுது சாயும் நேரத்தில், அவன் தந்தையார் என்னை வாசலுக்கு அழைத்து வந்து எதிரே இருந்த குன்றைக் காட்டினார். புல் மூடிய சரிவில், சீப்பினால் வாரியது போல வரிவரியாக மேடுகள் தெரிந்தன. "அவை உருளைக்கிழங்குப் பாத்திகள். நட்டவர்கள் உண்டு, தோண்டியவர்கள் இல்லை" என்றார். பிறகு உள்ளே வந்து, 1845 முதல் 1852 வரை நடந்த பெரும் பஞ்சத்தின் கதையைத் தொடங்கினார்.

அந்தப் பஞ்சத்தின் காரணத்தை நான் பாடமாகப் படித்தவன். பைட்டோப்தோரா இன்பெஸ்டன்ஸ் என்பது ஒரு நுண்ணுயிர். பூஞ்சை போலத் தோன்றும்; ஆனால் உண்மையான பூஞ்சை இனத்தைச் சேர்ந்ததன்று. ஈரமும் குளிரும் கூடிய காற்றில் அதன் வித்துகள் பரவி, சில நாட்களிலேயே ஒரு வயலைக் கருக்கிவிடும். அக்காலத்து அயர்லாந்தின் ஏழை உழவர் பெரும்பாலும் 'லம்பர்' என்னும் ஒரே வகை உருளைக்கிழங்கையே நம்பியிருந்தனர். கிழங்கை வெட்டி நட்டு வளர்ப்பதால் அவ்வகைச் செடிகள் எல்லாம் ஒன்றன் நகலே மற்றொன்று. ஒன்றைத் தாக்கிய நோய் எல்லாவற்றையும் தாக்கியது. இவ்வளவும் தேர்வுத் தாளில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

அப்பெரியவர் சொன்னதோ வேறு. பயிர் அழிந்த ஆண்டுகளிலும் தானியமும் கால்நடையும் கப்பலேறி வெளியே போயினவாம். வாடகை கொடாதவர்களை வெளியேற்றி அவர்கள் வீட்டுக் கூரையைப் பிரித்தார்களாம். ஏறத்தாழ பத்து லட்சம் பேர் மடிந்தார்கள். அதற்கு ஒப்பான தொகையினர் நாட்டை விட்டுப் போனார்கள். 1841-இல் சுமார் 82 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1851-இல் சுமார் 65 லட்சம் ஆயிற்று. அமெரிக்காவுக்குப் போகிறவனுக்கு முதல்நாள் இரவு ஊர் கூடி இழவு காப்பார்களாம். உயிரோடு இருப்பவனுக்கு இழவு! ஏனெனில் போகிறவன் திரும்பமாட்டான் என்பது அவனுக்கும் தெரியும், தாய்க்கும் தெரியும்.

எனக்குப் பாடமாக இருந்தது அவர்களுக்குக் கதையாக இருந்தது. சென்னை விமான நிலையத்தில் என் தாயார் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் நின்ற கோலம் அப்போது என் நினைவுக்கு வந்தது. ஆனால் அதைச் சொல்லத் தோன்றவில்லை. சொன்னால் அதுவும் ஒரு கதை என்பது அன்று எனக்குத் தெரியாது.

பகலில் சொல்லாத கதை

அயர்லாந்தில் ஒரு பழமொழி உண்டு. முதற்கதை வீட்டுக்காரன் சொல்ல வேண்டும். விடியும்வரை கதை விருந்தாளி சொல்ல வேண்டும் என்பது அதன் பொருள்.

நாம் விருந்தோம்பலை வீட்டாரின் கடமையாகவே எண்ணிவந்திருக்கிறோம். வள்ளுவரும் விருந்தோம்புகிறவனை நோக்கியே ஓர் அதிகாரம் வகுத்தார். உண்ட விருந்தாளிக்கும் ஒரு கடன் உண்டு என்பது எனக்குப் புதுமையாக இருந்தது. எண்ணிப் பார்த்தால் அதில் நியாயம் இருக்கிறது. சாலையும் செய்தித்தாளும் அரிதாக இருந்த காலத்தில், ஊர் ஊராகச் சென்ற தையற்காரனும் கூலியாளும் பிச்சைக்காரனுமே புதுக்கதை கொண்டுவந்தவர்கள். கையில் காசில்லாதவன் உணவுக்கும் படுக்கைக்கும் கதையால் ஈடு செய்தான். அவனை இரவலன் என்று எவரும் இழிவாக எண்ணவில்லை. அவன் வந்தால் அண்டை வீட்டாரும் வந்து கூடினார்கள்.

இவ்வாறு மாலையில் அண்டை வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசுவதற்கு அயர்லாந்தின் வடபகுதியில் 'கேலி' என்று பெயர். இன்று அச்சொல் நடன விருந்தைக் குறிக்கிறது. நம் 'கேலி'க்கும் அதற்கும் உறவு தேடி மொழியியல் நண்பர்கள் புறப்பட வேண்டா, ஒலி ஒற்றுமையே. ஆயினும் நண்பர்கள் கூடினால் இரண்டு கேலியும் ஒன்றாகவே நடக்கும் என்பது நம் விடுதிவாசிகளுக்குத் தெரியும்.

கதை சொல்வோரில் இரு வகையினர் உண்டு. வீரர்களையும் அரக்கர்களையும் பற்றிய நீண்ட கதைகளை இரவு முழுவதும் சொல்லவல்லவர் ஒரு வகை. ஊரின் குடிவழி, பழைய சண்டை, மருந்து, பேய், புதையல் ஆகியவற்றைச் சொல்லுபவர் மற்றொரு வகை. இவரை 'ஷனகீ' என்பார்கள். நவம்பர் முதல் நாளிலிருந்து மார்ச்சு 17-இல் வரும் புனித பாட்ரிக் திருநாள் வரையில், நீண்ட இரவுகளே கதைக்குரிய பருவம். பகலில் கதை சொல்வது தீங்கு என்று கருதினார்கள்.

இதைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "பகல்ல கதை சொன்னா வழி போறவன் வழி தப்பிடுவான்" என்று எங்கள் ஆயா சொல்லுவாள். கடலும் கண்டமும் கடந்து இரண்டு கிழவிகள் ஒரே சட்டம் போட்டது எப்படி? எனக்குத் தோன்றும் காரணம் எளிது. பகல் வேலைக்கு உரியது. கதையின் சுவை தெரிந்தவர்களே அதற்குக் காவலும் போட்டிருக்கிறார்கள்.

சுவரிடம் சொன்னவர்கள்

பஞ்சமும் பெயர்ச்சியும் ஐரிஷ் மொழி பேசிய மேற்குப் பகுதிகளையே மிகுதியாகப் பாதித்தன. பிள்ளைகள் பிழைக்க வேண்டுமானால் ஆங்கிலம் வேண்டும் என்று பெற்றோர் எண்ணத் தலைப்பட்டனர். மொழி போகப் போகக் கதை கேட்பவரும் குறைந்தனர். கதை சொல்பவர் இருந்தார், கேட்பவர் இல்லை.

அந்த நிலைக்கு எடுத்துக்காட்டாக ஒருவரை நண்பனின் தந்தையார் சொன்னார். பெயர் ஷான் ஓ கானல். அதே கெரி மாவட்டத்தில் கில் ரியலிக் என்ற சிற்றூரில் வாழ்ந்த உழவர், மீனும் பிடிப்பார். எழுதப் படிக்கத் தெரியாது; ஆங்கிலமும் தெரியாது. டெலார்கி என்ற இளம் ஆராய்ச்சியாளர் 1923-இல் அவரைச் சந்தித்தபோது அவருக்கு வயது எழுபது. தலையில் நூற்றுக்கணக்கான கதைகள். கேட்க ஆள் இல்லாமற் போனதால், கதைகள் மறந்துவிடுமோ என்று அஞ்சி, மாடு மேய்க்கும்போது கற்சுவரைப் பார்த்துக் கைகளை அசைத்துக் கதை சொல்லிக்கொண்டிருப்பாராம். சந்தையிலிருந்து திரும்பும்போது, மேட்டில் மெல்ல ஏறும் வண்டியின் பின்பலகையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே நடப்பாராம். டெலார்கி ஆண்டுதோறும் போய் உட்கார்ந்து எழுதினார். ஷான் ஓ கானல் 1931-இல் மறைந்தார். அவருடைய கதைகள் 1948-இல் நூலாக வந்தன.

"சுவரைப் பார்த்தா சொன்னார்?" என்று கேட்டேன்.

"ஆம், சுவரைப் பார்த்துத்தான்."

"எங்கள் ஆயாவிடம் சுவரைப் பற்றி ஒரு கதை இருக்கிறது" என்று சொல்லிவிட்டேன். என்னை அறியாமலே சொல்லிவிட்டேன். எல்லாரும் நாற்காலியை அருகே இழுத்துக்கொண்டார்கள். இனித் தப்ப வழியில்லை.

கதை இதுதான். ஒரு கிழவி, கணவன் இல்லை. இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள். நால்வரும் அவளைப் படாத பாடு படுத்தினார்கள். தன் துன்பத்தைச் சொல்லிக்கொள்ள அவளுக்கு ஒருவரும் இல்லை. சொல்லாமல் அடக்க அடக்க உடல் பருத்துக்கொண்டே போயிற்று. "தின்று கொழுக்கிறாள்" என்று அதற்கும் ஏசினார்கள். ஒருநாள் மனம் போன போக்கில் நடந்து, ஊர்ப்புறத்தில் கூரையில்லாத பாழ்வீடு ஒன்றில் நுழைந்தாள். நான்கு சுவர்கள் மட்டும் நின்றன. முதற்சுவரிடம் மூத்த மகன் செய்ததைச் சொன்னாள். சுவர் பாரம் தாங்காமல் இடிந்து விழுந்தது. அவள் உடல் சற்று இளைத்தது. இரண்டாம் சுவரிடம் மூத்த மருமகளைப் பற்றிச் சொன்னாள், அதுவும் விழுந்தது. மூன்றாம் சுவரிடம் இளைய மகனையும், நான்காம் சுவரிடம் இளைய மருமகளையும் பற்றிச் சொன்னாள். நான்கும் விழுந்தன. இடிபாட்டின் நடுவே கிழவி உடலும் மனமும் இலேசாகி நின்றாள். பிறகு வீட்டுக்கு நடந்தாள்.

இஃது எங்கள் ஆயாவின் தனிச்சொத்தன்று. தமிழ்நாட்டில் வழங்கும் கதையே, ஏ. கே. ராமானுஜன் 1991-இல் வெளியிட்ட இந்திய நாட்டுப்புறக் கதைத் தொகுப்பிலும் இடம்பெற்றிருக்கிறது. நான் அதை ஆங்கிலத்தில் தட்டுத் தடுமாறியே சொன்னேன். முடித்தபோது சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு நண்பனின் தாயார் சன்னலைக் காட்டி, "அந்த வீடு எங்களுக்குத் தெரியும்" என்றார். மேற்கு அயர்லாந்தில் கூரையிழந்த வீடுகள் இன்றும் வழியெல்லாம் நிற்கின்றன.

அன்று விடியும்வரை நான் கதை சொல்லவில்லை. சொல்ல ஒன்றுதான் இருந்தது. ஆனால் மறுநாள் காலையில் நண்பன் என்னோடு பேசிய முறையே மாறியிருந்தது. தன் பாட்டியைப் பற்றிப் பேசினான். இலண்டனுக்குப் போய்த் திரும்பாத பெரியப்பாவைப் பற்றிப் பேசினான். ஆறு மாதம் ஒரே மேசையில் இருந்தும் வாராத நட்பு நான்கு சுவர்கள் இடிந்ததும் வந்துவிட்டது.

ஐம்பதாயிரம் சிறுவர்கள்

விடுமுறை முடிந்து டப்ளினுக்கு வந்ததும் ஒன்றை அறிந்து வியந்தேன். நாம் நாள்தோறும் வகுப்புக்கும் உணவுக்கூடத்துக்கும் நடக்கிற இந்தப் பெல்பீல்டு வளாகத்திலேயே அந்தக் கதைகளின் களஞ்சியம் இருக்கிறது! அதன் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

1935-இல் அயர்லாந்து அரசு நாட்டுப்புற வழக்காற்று ஆணையம் ஒன்றை நிறுவியது. டெலார்கி அதன் இயக்குநரானார். ஆணையத்தின் பணியாளர்கள் மிதிவண்டியில் ஊர் ஊராகச் சென்றனர். மெழுகு உருளையில் குரலைப் பதியும் கருவி ஒன்றை உடன் கொண்டுபோயினர். முதியவர் சொல்வதைப் பதிந்து, பிறகு சொல்லுக்குச் சொல் ஏட்டில் எழுதினர். உருளை விலையுயர்ந்தது, ஆகவே எழுதி முடித்ததும் மெழுகைச் சீவி, அதே உருளையில் அடுத்த கதையைப் பதிந்தனர். இதனால் எழுத்து நின்றது. எத்தனையோ குரல்கள் போய்விட்டன. நம் கைப்பேசியில் எத்தனை மணி நேரக் குரலும் அடங்கும். நாம் அதில் எதைப் பதிந்து வைத்திருக்கிறோம் என்பதை அவரவர் பார்த்துக்கொள்ளலாம்.

பணியாளர் சிலரால் நாடு முழுவதையும் எட்ட இயலுமா? அதற்கு ஆணையம் கண்ட வழி மிக எளியது. 1937 முதல் 1939 வரை, தொடக்கப் பள்ளிகளின் மேல்வகுப்புகளில் கட்டுரைப் பாடத்துக்குப் பதிலாக, வீட்டு முதியவரிடம் கேட்டு எழுதி வரும்படி மாணவர்க்கு வேலை கொடுத்தார்கள். ஆசிரியருக்கு ஒரு கையேடு, அதில் தலைப்புகள். வானிலைக் குறிகள், வீட்டு வைத்தியம், பஞ்ச கால நினைவுகள், புதையல் கதைகள், விளையாட்டுகள், பாழடைந்த கோட்டைகள் என்று இப்படி. ஏறத்தாழ 5,000 பள்ளிகளைச் சேர்ந்த சுமார் 50,000 சிறுவர் சிறுமியர் எழுதினார்கள். சேர்ந்த பக்கங்கள் ஏறக்குறைய 7,40,000. ஆணையத்தின் தொகுப்பு முழுவதும் பிற்பாடு இந்தப் பல்கலைக்கழகத்துக்கு வந்தது. 2017-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டிலும் இடம்பெற்றது.

எழுதியவர்கள் பேராசிரியர்கள் அல்லர். பதினொன்று முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகள்! மை சிந்திய நோட்டில், "இதை என் பாட்டி சொன்னாள், அவளுக்கு இன்ன வயது, இன்ன ஊர்" என்று எழுதினார்கள். ஒரு நாடு தன் நினைவைத் தன் குழந்தைகளின் கையெழுத்தில் வைத்திருக்கிறது.

நம் நாட்டில் இத்தகைய தொண்டு நடக்கவில்லை என்று சொல்லமாட்டேன். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே நடேச சாஸ்திரியார் தமிழ்நாட்டுக் கதைகளைத் திரட்டினார். நா. வானமாமலை நாட்டுப் பாடல்களுக்காக உழைத்தார். கரிசல் காட்டுக் கி. ராஜநாராயணன், பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாதவர், நாட்டுப்புறக் கதைக் களஞ்சியம் தொகுத்துத் தந்து 2021-இல் மறைந்தார். ஆனால் இவை தனி மனிதர் தவம். ஒவ்வொரு பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் கூடி இழுத்த தேராக அங்கு நடந்தது.

மதனப்பள்ளியில் ஒரு மாலை

எங்கள் பக்கத்துக்கும் அயர்லாந்துக்கும் பழைய உறவு ஏதேனும் உண்டா என்று ஆவலோடு தேடினேன். தமிழரெல்லாம் அறிந்த கால்டுவெல் 1814-இல் பிறந்தது அயர்லாந்தின் ஆண்ட்ரிம் மாவட்டத்தில் என்பதைக் கண்டேன். பெற்றோர் ஸ்காட்லாந்தினர். அதைவிட அருகில் வேறொன்று கிடைத்தது.

தடாவிலிருந்து மேற்கே திருப்பதியைக் கடந்து சென்றால், கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தில் மதனப்பள்ளி இருக்கிறது. 1919-இல் அது சென்னை மாகாணத்துச் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. அங்கிருந்த பிரம்மஞான சபைக் கல்லூரியின் முதல்வர் ஜேம்ஸ் கசின்ஸ், பெல்பாஸ்டில் பிறந்த ஐரிஷ் கவிஞர். அவர் மனைவி மார்கரெட் கசின்ஸ், ராஸ்காமன் மாவட்டத்துப் பாயில் என்னும் ஊரினர். டப்ளினில் இசை பயின்று பட்டம் பெற்றவர். பெண்களின் வாக்குரிமைக்காக 1908-இல் அயர்லாந்தில் சங்கம் கண்டு, சிறையும் சென்றவர். 1904 ஜூன் மாதத்தில், அப்போது பெயர் பெறாத இளைஞரான ஜேம்ஸ் ஜாய்ஸ் சில இரவுகள் தங்கியது இத்தம்பதியின் டப்ளின் வீட்டில்தான். 1915-இல் இருவரும் இந்தியா வந்தனர். டப்ளினில் 1916-இல் நடந்த ஈஸ்டர் எழுச்சியைப் புகழ்ந்து எழுதியதால் ஜேம்ஸ் தம் பத்திரிகை வேலையை இழந்து மதனப்பள்ளிக்குப் போனார்.

1919 பிப்ரவரியில் இரவீந்திரநாத தாகூர் அங்கு விருந்தாளியாக வந்து சில நாள் தங்கினார். மாலையில் மாணவரும் ஆசிரியரும் கூடிப் பாடுவது அக்கல்லூரியின் வழக்கம். விருந்தாளியையும் பாடச் சொன்னார்கள். அவர் தாம் இயற்றிய 'ஜன கண மன' பாடினார். பொருள் தெரியாத மாணவரும் மெய்மறந்தனர். அவ்வூரிலேயே தாகூர் அதை ஆங்கிலத்தில் பெயர்த்து எழுதித் தந்தார். பிப்ரவரி 28 என்று நாள் குறித்திருக்கிறது. மார்கரெட் அதன் மெட்டை மேனாட்டு இசைக்குறிப்பில் எழுதினார். 1950 சனவரி 24-இல் அப்பாடல் நாட்டுப் பண்ணாயிற்று.

இதைப் படித்தபோது கெரி வீட்டுக் கணப்பே என் கண்முன் நின்றது. வீட்டுக்காரர் ஐரிஷ்காரர்; விருந்தாளி வங்காளி; கேட்டவர் தெலுங்கரும் தமிழரும். விருந்தாளி தன் கடனைச் செலுத்தினார். வீட்டுக்காரி அதை எழுதி வைத்தாள். சொல்வது ஒரு பாதி; எழுதி வைப்பது மறுபாதி.

கசின்ஸ் தம்பதியர் ஊர் திரும்பவில்லை. மார்கரெட் 1917-இல் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தோன்றக் காரணமானவர்களுள் ஒருவர். 1932-இல் நம் விடுதலைக்காகப் பேசி வேலூர்ச் சிறையில் இருந்தவர். அவர் 1954-இலும், ஜேம்ஸ் 1956-இல் மதனப்பள்ளியிலும் மறைந்தனர். விருந்தாளியாக வந்தவர்கள் வீட்டாராகவே ஆகிவிட்டார்கள்.

ஆயாவின் பாட்டு

இந்தக் கோடையில் மூன்று வாரம் தடாவில் இருந்தேன். எங்கள் ஆயாவுக்கு வயது எண்பத்தொன்று. முன்போல் அவள் பேசுவதில்லை. வயதின் தளர்ச்சி என்று வீட்டில் எல்லாரும் எண்ணினோம். முதல் நாள் இரவு அவள் கட்டிலருகே உட்கார்ந்து, "ஏன் ஆயா இப்பல்லாம் கதையே சொல்றதில்ல?" என்று கேட்டேன்.

"கேக்கறவங்க இருந்தாத்தானடா கண்ணு கதை? எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் பூட்டீங்க. செவுத்தாண்டயா சொல்லச் சொல்றே?" என்றாள்.

நான் தலை குனிந்தேன். கில் ரியலிக் கிராமத்துக் கற்சுவர் எங்கள் வீட்டிலும் இருந்திருக்கிறது.

மூன்று வாரத்தில் பத்தொன்பது கதைகளைக் கைப்பேசியில் பதிந்தேன். தாது வருஷத்துப் பஞ்சத்தைப் பற்றித் தன் பாட்டி சொன்னதையும் சொன்னாள். பழவேற்காட்டு ஏரியை ஒட்டிச் செல்லும் பக்கிங்காம் கால்வாயின் சென்னைப் பகுதியை அந்தப் பஞ்ச காலத்தில், 1877-78-இல், நிவாரண வேலையாக வெட்டினார்கள் என்று நூல்களில் இருக்கிறது. ஆயாவுக்கு ஆண்டு தெரியாது. "மண்ணு சொமந்தவனுக்குக் கஞ்சி, சொமக்க முடியாதவனுக்கு அந்த மண்ணு" என்பது மட்டும் தெரியும். கெரியில் அப்பெரியவர் பாத்திகளைக் காட்டியபோது நான் இதைச் சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

இருபதாவது கதை முற்றுப்பெறவில்லை. ஏரிக்கரை வலைகாரன் மகளுக்கும் ஒற்றைக்கால் நாரைக்கும் நடக்கும் கதை. நாரை மூன்று முறை பாடும். கதை தமிழ், பாட்டு தெலுங்கு. பக்கத்து வீட்டு அம்மா ஒருத்தியிடம் ஆயா சிறுவயதில் கற்றுக்கொண்டது. 1953-இல் ஆந்திரம் தனி மாநிலம் ஆனபோதும் அந்தக் கதைக்கு ஒருவரும் எல்லைக்கல் நடவில்லை. நாரை பாடும் இடம் வந்ததும் ஆயா நிறுத்தினாள். கண்ணை மூடி மெட்டை மட்டும் இழுத்தாள். "மெட்டு கீது, வார்த்தை பூடுச்சு" என்றாள். கற்றுக்கொடுத்த அம்மா இறந்து முப்பது ஆண்டு ஆகிறது. அவள் பிள்ளைகளைத் தேடிப் போய்க் கேட்டேன், அவர்களுக்குத் தெரியவில்லை. ஆற்றல் அழிவதில்லை, உருமாறும் என்று நாம் படிக்கிறோம். கதைக்கு அந்த விதி செல்லாது. அது அழிகிறது.

ஒரு வேண்டுகோள்

நண்பர்களே! அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போகிறவர்கள் ஒரே ஒரு கதை கொண்டுவாருங்கள். முதியவரிடம் "கதை சொல்லுங்கள்" என்று கேட்டால், "எனக்கென்ன தெரியும்?" என்பார்கள். நீங்கள் முதலில் ஒன்றைச் சொல்லுங்கள். தவறாகச் சொன்னால் இன்னும் நல்லது, திருத்த வந்துவிடுவார்கள். சொன்னபடியே எழுதுங்கள், கொச்சையைத் திருத்தாதீர்கள். சொன்னவர், ஊர், வயது, அவர் யாரிடம் கேட்டார் என்பவற்றைக் குறியுங்கள். ஊருக்குப் போக இயலாதவர்கள் தொலைபேசியில் கேட்கலாம். வாரந்தோறும் "சாப்பிட்டாயா?" என்ற கேள்விக்குப் பிறகு பேச்சு நின்றுவிடும் வீடுகளில் இது நல்ல மருந்து, நான் பார்த்துவிட்டேன்.

மன்ற அறை மேசையில் ஒரு தடித்த நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். முதற்பக்கத்தில் சுவரிடம் சொன்ன கிழவியின் கதை இருக்கிறது. இருபதாம் கதையில் நாரையின் பாட்டுக்கு இடம் விட்டிருக்கிறேன். பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, சூலூர்ப்பேட்டைப் பக்கத்து நண்பர் எவர் வீட்டிலேனும் அந்தப் பாட்டு இருக்கக்கூடும். கேட்டுப் பாருங்கள். மெட்டு என் கைப்பேசியில் இருக்கிறது. வந்தால் போட்டுக் காட்டுகிறேன்.

வரும் டிசம்பரில் கெரிக்கு மீண்டும் அழைத்திருக்கிறார்கள். இம்முறை விடியும்வரை சொல்லப் பத்தொன்பது கதைகளும் ஒரு பாதிக் கதையும் இருக்கின்றன.